அம்மாவிடம் கேட்டால் மகள் பதில் சொல்கிறார்: முதிய நோயாளியின் சௌகரியத்தை எப்படி அளப்பது?

இரவுப்பணி கேட்டது:

முதுகலை நர்சிங் கடைசி ஆண்டில் இருக்கிறேன். தீசிஸ் தலைப்பு, உள்நோயாளிகளான முதியவர்களின் சௌகரியமும் உடனிருக்கும் குடும்பத்தாரின் ஆதரவும். நர்சிங் அறிஞர் கேத்தரின் கோல்கபாவின் கம்ஃபர்ட் தியரி (சௌகரியக் கோட்பாடு)தான் அடிப்படை. அவருடைய 48 கேள்விகள் கொண்ட கேள்வித்தாளைப் பயன்படுத்தத் திட்டம்.

பைலட் ஸ்டடியிலேயே (சிறிய முன்னோட்ட ஆய்விலேயே) சிக்கல். ஒரு பாட்டியிடம் "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த மகள் முந்திக்கொண்டு, "எங்கே சிஸ்டர், பொட்டுத் தூக்கம் இல்லை" என்றார். பாட்டியோ, "நான் நல்லாத்தான் தூங்கினேன், அவளைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க" என்கிறார். எதை எழுதுவது? மகளை வெளியே அனுப்பினால் பாட்டியின் கண் கதவிலேயே நிற்கிறது. நான் அளக்க வந்த சௌகரியத்தை நானே கெடுக்கிறேன்.

இன்னொன்று. டிமென்ஷியா (மறதி நோய்) இருப்பவர்களை விலக்கிவிடலாம் என்கிறார் கைடு, அதாவது என் ஆய்வு வழிகாட்டி. வார்டில் அதிகம் அவதிப்படுவது அவர்கள்தானே? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஐசியூ தம்பி:

ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. டிமென்ஷியாவை விலக்கிடுங்க, மீதிப் பேரிடம் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேளுங்க. நேரத்துக்குத் தீசிஸ் முடியணும் இல்லையா?

பழைய சிஸ்டர்:

தம்பி, நேரத்துக்கு முடியும், சரிதான். ஆனால் அது வேறு தீசிஸ். கோல்கபா சௌகரியத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: ஒரு தொல்லை நீங்கும் நிவாரணம், மனம் அமைந்த நிம்மதி, துன்பம் இருக்கும்போதே அதைத் தாண்டி நிற்கும் திடம். இவை ஒவ்வொன்றையும் உடல், மனம், உறவுகள், சுற்றுப்புறம் என்ற நான்கு தளங்களில் பார்க்கச் சொல்கிறார். மொத்தம் 12 கட்டங்கள். வலிக்கு எண் கேட்பது அதில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் தொடுகிறது.

இரவுப்பணி, உங்களுக்கு. பாட்டி ஒன்று சொல்கிறார், மகள் ஒன்று சொல்கிறார் என்றால் இரண்டையும் எழுதுங்கள், தனித்தனித் தாளில். நோயாளிக்காக உறவினர் பதில் சொல்லும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது: நடக்கிறாரா, தானே சாப்பிடுகிறாரா போன்ற கண்ணால் பார்க்கும் விஷயங்களில் இருவர் பதிலும் ஓரளவு ஒத்துப்போகும். வலி, பயம், மனச்சோர்வு என்று வரும்போது விலகும். பெரும்பாலும் நோயாளி சொல்வதைவிட மோசமாகவே உறவினர் சொல்வார். பராமரிக்கும் சுமை அழுத்த அழுத்த அந்த விலகல் அதிகமாகிறது. உங்கள் பாட்டி விஷயத்தில் தூங்காதது யார் என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஆகவே மகளின் பதிலைப் பாட்டியின் கட்டத்தில் போட்டால் கணக்கு கெட்டுப்போகும். அவருடைய பெயரிலேயே பதிந்தால் நல்ல தரவு.

மகளை வெளியே அனுப்ப வேண்டாம். பாட்டி கண்ணில் படும் தூரத்தில், காதில் விழாத தூரத்தில் உட்காரவைத்து அவர் கையில் அவருக்கான கேள்வித்தாளைக் கொடுங்கள். எழுத ஆரம்பித்தால் குறுக்கே பேச மாட்டார்.

அப்புறம் 48 கேள்வி. காய்ச்சலில் கிடக்கும் 80 வயதுக்காரருக்கு அது கொடுமை. பாதியைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றுதான் வரும். சுருக்க வடிவம் இருக்கிறது, அதை எடுங்கள். கேள்வியைத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடி மூக்கிலும் காதுக்கருவி காதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். மேசை டிராயரில் கருவி கிடக்க, "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிய கேஸ் ஷீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிமென்ஷியாவுக்கு வருவோம். கோல்கபா டிமென்ஷியா பிரிவில் தலைமை நர்ஸாக இருந்தபோதுதான் இந்தச் சிந்தனையே அவருக்குத் தொடங்கியது. அவர் தியரியை வைத்துக்கொண்டு டிமென்ஷியாக்காரர்களை விலக்குவதா! (கைடிடம் இதே தொனியில் சொல்லாதீர்கள்.) லேசான நிலையில் இருப்பவர்கள் சின்னக் கேள்விகளுக்குத் தாங்களே பதில் சொல்வார்கள். பேச முடியாதவர்களுக்கு, 2003-இல் வந்த பெயின்ஆட் (PAINAD) என்ற வலி அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதல்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். சும்மா படுத்திருக்கும்போது மட்டும் பார்க்காதீர்கள். புரட்டிப் படுக்கவைக்கும்போதும் உடை மாற்றும்போதும் பாருங்கள். ஐந்தாவது அம்சம் உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமானது. நர்ஸ் தொட்டால் அடங்காதவர் மகன் குரல் கேட்டதும் அடங்கலாம். அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்குத் தாளில் ஒரு தனிக் கட்டம் சேருங்கள். குடும்ப ஆதரவு என்று தலைப்பு வைத்துவிட்டு அதைப் பதியாமல் விட்டால் என்ன பயன்?

கடைசியாக, எல்லாக் குழப்பமும் டிமென்ஷியா இல்லை. நேற்று பேசியவர் இன்று உளறினால் அது டெலிரியமாக, அதாவது திடீரென வரும் மனக்குழப்பமாக, இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க 1990-இல் ஷாரன் இனூயே குழு தந்த கேம் (CAM) சோதனையில் நான்கைப் பார்க்கச் சொல்கிறார்கள்: திடீரென்று வந்து ஏறி இறங்கும் மாற்றம், கவனம் நிற்காமை, கோர்வையற்ற பேச்சு, விழிப்புநிலையில் மாறுதல். முதலிரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், பின்னிரண்டில் ஒன்றாவது வேண்டும். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுருண்டு படுத்துவிடுகிறவரை "இன்னைக்கு அமைதியா இருக்காங்க" என்று டியூட்டி மாற்றும்போது பாராட்டிவிட்டுப் போவார்கள். கேள்வித்தாள் தரும் ஒவ்வொரு நாளும் முதலில் இதைச் செய்யுங்கள். டெலிரியத்தில் இருப்பவர் தரும் பதிலைச் சௌகரியம் என்று கணக்கிட முடியாது.

மூன்றாவது மருமகள்:

நான் நர்ஸ் இல்லை. மாமியாரோடு மருத்துவமனையில் இருந்து பார்த்தவள். நானும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஆள்தான். ஏன் தெரியுமா சிஸ்டர்? அவர் "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடுவார், நீங்கள் எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள், ராத்திரி முழுக்க முனகலைக் கேட்பது நான். நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? அங்கிருந்த வரை என்னிடம் யாரும் "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்கவில்லை. மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினார்கள்.

பழைய சிஸ்டர்:

நீங்கள் சொல்வது நியாயம். "ஒண்ணுமில்லை" என்பதை அப்படியே எழுதிக்கொண்டு போகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களின் தேவை பற்றியும் ஆய்வு உண்டு. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் உறவினர் 40 பேரிடம் நான்சி மோல்டர் கேட்டு 1979-இல் எழுதினார். அவர்கள் முதலிடம் தந்தது நல்லது நடக்கும் என்ற நம்பிக்கைக்கு. உட்கார நல்ல நாற்காலி, சாப்பாடு இதெல்லாம் பின்னால்தான் வந்தன. தன் வசதியைக் கேட்க அவர்களுக்கே கூச்சம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இரவுப்பணி, மகள் கையில் கொடுக்கும் தாளுக்கு ஸாரிட் சுமை அளவுகோலைப் பாருங்கள். 22 கேள்விகள், அதிகபட்ச மதிப்பெண் 88. எழுதுவது பாட்டி கண்ணுக்குத் தெரியும்படி வைத்து நிரப்பச் சொல்லாதீர்கள். "அவர் தேவைக்கு மேல் உதவி கேட்கிறாரா" என்ற கேள்விக்கு அம்மா முன்னால் எந்த மகள் உண்மை எழுதுவாள்?

இதைச் சும்மா மரியாதைக்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. 1999-இல் ஷூல்ஸ், பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத்துணையைப் பராமரித்து அதில் மன அழுத்தத்துக்கும் உள்ளான முதியவர்கள் நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். மறுபக்கமும் இருக்கிறது. மேரி மிட்டல்மன் குழு 2006-இல் வெளியிட்டது: அல்சைமர் உள்ளவர்களின் துணைவர்களுக்கு ஆலோசனையும் தொடர் ஆதரவும் தந்ததில், நோயாளியை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது இடைநிலை அளவில் (மீடியன்) 557 நாட்கள் தள்ளிப்போனது. உதவி போனது துணைவருக்கு, பலன் இருவருக்கும்.

இரவுப்பணி:

நன்றி. நோயாளிக்குச் சுருக்கக் கேள்வித்தாள், பேச முடியாதவருக்குப் பெயின்ஆட், உடனிருப்பவருக்கு ஸாரிட், எல்லாவற்றுக்கும் முன் கேம். கைடிடம் பேசுகிறேன். ஒரு சந்தேகம்: ஆய்வின்போது டெலிரியம் கண்டுபிடித்தால் நான் தலையிடலாமா, தரவு கெடாதா?

பழைய சிஸ்டர்:

உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். இதையே எத்திக்ஸ் கமிட்டி மனுவிலும் முன்கூட்டி எழுதிவிடுங்கள், அவர்களே கேட்பார்கள். அந்த நோயாளியின் தரவு போனால் போகட்டும். வந்தபின் பார்ப்பதைவிட வராமல் தடுப்பதில்தான் பலன் அதிகம். இனூயேயின் 1999 ஆய்வில் 70 வயது தாண்டிய 852 பேர். தூக்கம், நடமாட்டம், கண், காது, தண்ணீர், மனத்தைச் செயல்பட வைப்பது என்ற ஆறையும் கவனித்த பிரிவில் டெலிரியம் 9.9 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 15. வந்துவிட்ட பிறகு அதன் தீவிரத்தில் சொல்லும்படி வித்தியாசமில்லை. அந்த ஆறில் பலவற்றை மகளோ மருமகளோ செய்யலாம், யாராவது சொல்லிக்கொடுத்தால். உங்கள் தீசிஸுக்கு அடுத்த ஆளுக்கான தலைப்பு அது. இப்போதைக்கு கைடின் கையெழுத்தை வாங்குங்கள்.