அம்மாவின் வயிறு உப்பியபோது வாயு என்றுதான் நினைத்தோம்

மூத்த மகள்:
அம்மாவுக்கு அப்போது 61 வயது. நாலு வாய் சாப்பிட்டதுமே "போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று தட்டைத் தள்ளி வைப்பார். உடுப்பு இடுப்பில் இறுக்குகிறது என்றார். கொக்கியை ஒரு விரற்கடை தள்ளித் தைத்துக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் மறுபடியும் தள்ள வேண்டி வந்தது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன்: இடுப்பு பெருத்திருந்தது, ஆனால் கையும் கன்னமும் ஒட்டிப்போயிருந்தன. பார்த்தும், வயசாகிறது என்று விட்டுவிட்டேன். அது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

வாயு என்றார்கள், அசிடிட்டி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரியில் ஐந்தாறு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார். சர்க்கரையாக இருக்கும் என்று அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. நான்காவதாகப் பார்த்த டாக்டர்தான் வயிற்றைத் தட்டிப் பார்த்து, அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினார். வயிற்றில் நீர் கோத்திருந்தது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

அறிகுறியே காட்டாத நோய் என்று இதைச் சொல்வார்கள். அம்மாவிடம் அது காட்டிக்கொண்டேதான் இருந்தது. வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாதாரணமாக இருந்ததால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இதில் ஏதாவது ஒன்று புதிதாக ஆரம்பித்து மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால் பரிசோதிக்க வேண்டும், அதுவும் 50 வயதைத் தாண்டியவர்களை முக்கியமாக, என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

தோழியை இழந்தவள்:
எனக்கு நடந்தது நேர்மாறு. நெருங்கிய தோழி இந்த நோயில் போய்விட்டாள். அந்தப் பயத்தில், ஒரு தொந்தரவும் இல்லாத நான், 36 வயதில், நானாகவே லேபுக்குப் போய் சிஏ-125 எடுத்தேன். இந்தப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை அது. 35க்குள் இருக்க வேண்டியது 74 என்று வந்தது. அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில். மூன்று வாரம் தூக்கம் இல்லை. கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்ளுறை போன்ற திசு வெளியே வளரும், புற்றுநோய் அல்லாத தொந்தரவு என்று தெரிந்தது. போதாக்குறைக்கு மாதவிடாய் நாளில் ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

கர்ப்பம், கருப்பைக் கட்டி, மாதவிடாய் எல்லாமே அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆனால் ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வருடாவருடம் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்தும் இந்த நோயால் வரும் இறப்பு குறையவில்லை. அமெரிக்காவில் 78,216 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், புற்றுநோய் இல்லாமலேயே 1,080 பேர் அறுவை சிகிச்சை வரை போனார்கள். அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. அதனால்தான் தொந்தரவும் இல்லாமல், குடும்பத்தில் ஆபத்தும் இல்லாமல் இருப்பவர்களுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். தொந்தரவு இருப்பவர் செய்துகொள்வது வேறு விஷயம். மேலே எழுதிய சகோதரியின் அம்மாவுக்கு அதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

இன்னொருவர்:
ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்ததும் "எல்லாம் பார்த்தாச்சு" என்று என் அக்கா நிம்மதியாக இருந்தார். அது கருப்பை வாய்க்கான பரிசோதனை. சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்பாவின் மகள்:
குடும்ப வரலாறு என்றதும் அம்மா வழியை மட்டும்தான் எல்லாரும் யோசிக்கிறோம். என் அத்தைக்குச் சினைப்பையில், அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மார்பில் புற்றுநோய். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மார்பு, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ-1 என்ற மரபணு மாற்றம் அவர் வழியாகத்தான் எனக்கு வந்தது. பெற்றவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக வரும் இந்த நோய், பிஆர்சிஏ-1 மாற்றம் உள்ள நூறு பேரில் நாற்பது பேருக்காவது வரலாம் என்று மரபணு ஆலோசகர் சொன்னார்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு, 39 வயதில், சினைப்பை இரண்டையும் கருக்குழாய்களோடு எடுத்துவிட்டேன். இந்த நோயில் அதிகமாகக் காணப்படும் வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறதாம். எடுத்த பிறகும் வயிற்று உறையில் வர ஒரு சின்ன வாய்ப்பு மிச்சம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அப்புறம் மெனோபாஸ். படிப்படியாக அல்ல, ஒரே நாளில். நடு இரவில் கழுத்திலிருந்து வெப்பம் ஏறும், தலையணை உறை பிழிகிற அளவுக்கு நனையும். ஹார்மோன் மருந்து, எலும்புப் பரிசோதனை என்று இன்னும் தொடர்கிறது. எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சுலபம் என்று சொன்னால் பொய். அதற்கு முன்னால் சில வருடம் கருத்தடை மாத்திரை எடுத்தேன். அது சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும், மார்புப் புற்றுநோய் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டலாம். டாக்டரிடம் இரண்டையும் பேசித்தான் முடிவெடுத்தேன்.

மூத்த மகள்:
அப்பா வழி பற்றி எழுதிய சகோதரிக்கு நன்றி. எங்கள் வீட்டிலும் மரபணு மாற்றம்தான். நோய் வந்தவரை முதலில் பரிசோதித்தால், எந்த மாற்றம் என்று தெரிந்துவிடும். மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். கீமோ முடிந்த வாரமே அம்மா ரத்தம் கொடுத்தார். பிஆர்சிஏ-2, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மரபணுவில் மாற்றம். எனக்கு இல்லை, தம்பிக்கு இருக்கிறது. ஆணாக இருந்தாலும் புராஸ்டேட்டையும் மார்பையும் அவன் கவனித்துக்கொள்ள வேண்டும்.

முடிவை நான்தான் போனில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். "எந்த வயசுலக்கா அதுங்ககிட்ட சொல்றது?" என்று மட்டும் கேட்டான். வளர்ந்து தாங்களே முடிவெடுக்கும் வயது வந்த பிறகு பரிசோதித்தால் போதும் என்று ஆலோசகர் சொல்லியிருந்ததைச் சொன்னேன். மூத்தவளுக்கு இப்போது ஒன்பது வயது.