மாரி விடுமுறைக்கு எந்த நாவல்? சரித்திரமா, துப்பறியும் கதையா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):
டிசம்பர் மழைக்கு வாசிக்கப் புத்தகம் கேட்டா உடனே 'பொன்னியின் செல்வன்' எண்டு சொல்றத நிப்பாட்டுங்க. கல்கி அத 1950 இலிருந்து 1954 வரைக்கும் வாரத் தொடரா எழுதினவர். கிழமைக்கொரு அத்தியாயம் வாசிக்கிற ஆளுக்காகத்தான் நடந்தத திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துவார், அத்தியாய முடிவில ஒரு கொக்கி போடுவார். அஞ்சு பாகத்தையும் ஒரேயடியா வாசிச்சா நடுவில சலிக்கும். ஓய்வுக்கு 250 பக்கத்துக்குள்ள ஒரு மர்மக் கதை போதும். அகதா கிறிஸ்டி 1939 இல எழுதின 'And Then There Were None' எண்ட தீவுக் கதையப் பாருங்க: பத்துப் பேர், வெளியில போக வழியில்ல, ஒவ்வொருத்தரா சாகிறாங்க. ரெண்டு நாள் வேலை.

சாய்ந்தமருது வாசகி:
அந்த ரெண்டு நாளுக்குப் பொறகு? கொலைகாரன் ஆரெண்டு தெரிஞ்சா மறுகா அலுமாரிதான். சரித்திர நாவலுக்கு அந்தக் கவலையில்ல அண்ணன். ராசராசன் பட்டத்துக்கு வருவான் எண்டு தெரிஞ்சுதான் தொடங்குறம். அதுக்கு முதல் என்ன நடந்தது எண்டதுதான் கதை. ரெண்டாம் பாகத்தில கதை நம்மட இலங்கைக்கே வருது, அதில சலிச்ச ஆளக் காட்டுங்க பாப்பம். அதுக்குள்ள ராசராசன்ட அண்ணன் ஆதித்த கரிகாலன்ட கொலை வேற. மர்மமும் கிடக்குத்தானே?

வாவிக்கரையான்:
அதிலதான் கல்கி ஏமாத்துறார். ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நொக்ஸ் 1929 இலேயே துப்பறியும் கதைக்குப் பத்து விதி போட்டிட்டார்: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வரவேணும், துப்பறியிறவர் கண்ட தடயத்த வாசகனுக்கு ஒளிக்கக் கூடாது. குத்தினது ஆர்ட கை எண்டு அறுதியாச் சொல்லாம விட்ட கதைய மர்ம நாவல் எண்டு பரிந்துரைக்க ஏலாது.

அக்கரைப்பற்று டீச்சர்:
தம்பி, அது ஏமாற்று இல்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று உடன்பிறந்தோர் பெயர்களைச் சொல்லி, அவர்களும் உறவினரும் இழந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. குத்தியது யார் கை, ஏன் கொன்றார்கள் என்பது கல்லில் இல்லை. சான்று நின்ற இடத்தில் நாவலாசிரியரும் நின்றுகொண்டார்.

ஆனால் புதியதைக் கேட்பவரிடம் கல்கியையே நீட்டுவது சோம்பல்தான். 2008 இல் வந்த 'காவல் கோட்டம்' இருக்கிறது, மதுரையின் பல நூற்றாண்டுக் கதை. ஆயிரம் பக்கத்துக்கு மேல், தலைமுறைகள் மாறிக்கொண்டே போகும். ஒரே நாயகனைத் தேடுபவர் நூறு பக்கத்தில் வைத்துவிடுவார். பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாசிப்பவருக்கே அது சரிவரும். இலகுவாக நுழைய வேண்டுமென்றால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதன் பிறகு 'வானம் வசப்படும்'. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை வைத்து எழுதியவை. வரிசையை மாற்றாதீர்கள்.

சண்டையைத் தீர்க்க இன்னொன்று. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் மாலி அல்மேடா நாவல். 1990 இன் கொழும்பு, கொலையுண்ட புகைப்படக்காரரின் ஆவி, தன்னைக் கொன்றது யாரென்று அறிய ஏழு இரவுகள். ஆங்கிலத்தில் உள்ளது. முழுக்க 'நீ' என்று முன்னிலையில் எழுதியிருப்பதும், தொடக்கத்தில் ஆவிகளின் அலுவலக வரிசையும் பலரைத் தடுக்கும். முதற் பகுதியை ஒரே இருப்பில் முடித்துவிட வேண்டும்.

களுதாவளையான்:
எதையும் வாங்க முதல் புத்தகத்தப் பாருங்க. கல்கிட எழுத்து 1999 இல நாட்டுடைமையானது, ஆரும் அச்சடிக்கலாம். அதால சுருக்கப் பதிப்பும் அதே பேரில கிடக்கு. முன்பக்கத்தில 'சுருக்கம்' எண்ட சொல்லத் தேடுங்க. பக்க எண்ணையும் ஓட்டிப் பாருங்க. 16 பக்க மடிப்பு ஒண்டு விடுபட்டா சரித்திர நாவலச் சமாளிக்கலாம், மர்மக் கதையில கடைசி மடிப்பு இல்லாட்டி காசு தண்ணிதான். இரவல் பிரதியில இன்னொரு கரைச்சல்: கொலைகாரன்ட பேர பேனையால வட்டம் போட்டு வைக்கிற புண்ணியவான்கள்.

சாய்ந்தமருது வாசகி:
டீச்சர், சுஜாதாட 'ரத்தம் ஒரே நிறம்' விட்டுப்போச்சு. 1857 கிளர்ச்சிக் காலம், துப்பறியும் கதை எழுதின கை. வசனம் சின்னன், ஓட்டம் வேகம். வாவிக்கரை அண்ணனுக்கும் பிடிக்கும்.

வாவிக்கரையான்:
சுஜாதாவ ஏத்துக்கொள்றன், மாலி அல்மேடாவையும். ஓய்வு வாசிப்புக்குப் பொன்னியின் செல்வன இன்னும் ஏத்துக்கொள்ளல்ல. கேக்கிறது 14 வயசுப் புள்ளையெண்டா முதலாம் பாகத்த மட்டும் குடுங்க, முடிச்சிட்டுக் கேட்டு வந்தா அடுத்தது.

அக்கரைப்பற்று டீச்சர்:
அந்த வயதுக்கு மாலி அல்மேடா வேண்டாம். சித்திரவதையும் பிணங்களும் நிறைய.