பசும்பாலை நிறுத்தி ஒன்றரை வருடம், மகளின் முன்பல்லில் வெள்ளைக்கோடு. பாதாம் பாலால்தானா?

பாம்பன்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றரை வயதில் பசும்பால் குடித்த கொஞ்ச நேரத்திலேயே உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிவிடும். குழந்தை மருத்துவர் பரிசோதித்து, பால் புரத ஒவ்வாமை, பாலை அறவே நிறுத்துங்கள் என்றார். அதிலிருந்து டப்பாவில் வரும் பாதாம் பால்தான். ராமநாதபுரம் போகும்போது மொத்தமாக வாங்கி வந்துவிடுவோம்.

போன வாரம் வாசலில் உட்கார வைத்துப் பல் தேய்த்துவிட்டேன். காலை வெயில் நேராக வாயில் விழுந்தது. மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பை விரலில் தொட்டு இழுத்தது போல ஒரு வெள்ளைக்கோடு. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. கீழ்ப்பற்களில் ஒன்றுமில்லை.

"பாலை நிறுத்தினாய், பல் போகிறது" என்கிறார் மாமியார். வீட்டில் வெள்ளாடு நிற்கிறது, ஆட்டுப்பால் கொடு என்று தினமும் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் எழுந்தால் பிள்ளையும் எழுந்துவிடும். புட்டியில் பாதாம் பால் கொடுத்தால்தான் திரும்பத் தூங்கும்.

ஓட்ஸ் பாலுக்கு மாறலாமா? கொல்லையில் தென்னை இருக்கிறது, தேங்காய்ப்பால் போதுமா?

ராம்நாடு_பல்மருத்துவர்:

முதலில் ஆட்டுப்பால். கொடுக்கவே கொடுக்காதீர்கள். பசும்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் ஏறக்குறைய ஒரே சாயல். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்த கோடு பெரும்பாலும் சொத்தையின் முதல் படி. பல்லின் மேலோடான எனாமலிலிருந்து தாது கரைந்து போன இடம் அப்படித்தான் வெளுத்துத் தெரியும். மேல் முன்பல்லில் மட்டும் இருப்பதே காரணத்தைச் சொல்கிறது. புட்டியோடு தூங்கும்போது பால் மேல் முன்பல்லைச் சுற்றித் தேங்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்ளும், எச்சிலும் அங்கேதான் ஊறும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால், மூன்று மணிக்குக் குடித்ததைக் கழுவிவிட ஆளில்லை.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ், பல்லுக்கு மிகக் குறைந்த கேடு செய்யும் சர்க்கரை. கேசீன் புரதம் எனாமல் மேல் படலமாக ஒட்டிக் காக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் கூடவே இருக்கும். வாயில் அமிலத்தன்மை ஏறி பிஎச் (அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு எண்) 5.5 அளவுக்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். சீனி போடாத பால் அவ்வளவு தூரம் இறக்குவது அரிது. பாதாம் பாலுக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. அதில் சீனியும் சேர்ந்தால் பல்லில் இருக்கும் கிருமிக்கு விருந்துதான். ஆகவே பசும்பாலை நிறுத்தியதைவிட, அந்த இடத்தில் என்ன வந்தது, எந்த நேரத்தில் வந்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன். டப்பாவைத் திருப்பி 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைப் படியுங்கள்.

ஓட்ஸ் பால் வேண்டாம். அதைத் தயாரிக்கும்போது நொதி சேர்த்து மாவுச்சத்தை உடைப்பார்கள், அது மால்டோஸ் சர்க்கரையாகிவிடும். டப்பாவில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று இருந்தாலும் குடித்தால் இனிக்கும். தேங்காய்ப்பால் ஆப்பத்துக்கு அருமை, ஆனால் அதில் கால்சியம் சொற்பம். இந்த வயதுக்குப் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வருவது கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால். சில பிள்ளைகளுக்குச் சோயாவும் ஒவ்வாது, அதனால் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மூன்று வயதுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் தேவை. முளைத்த பால்பல்லுக்காக இதைச் சொல்லவில்லை. நிலைப்பற்கள் இப்போது ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. உங்கள் கடற்கரையில் நெத்திலிக்குப் பஞ்சமா? முள்ளோடு நன்றாக மசித்துக் கொடுங்கள்.

குழி விழவில்லை என்றால் இந்தக் கோட்டை அப்படியே நிறுத்த முடியும். ஃப்ளோரைடு பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து இரண்டு வேளையும் நீங்களே தேய்த்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் காட்டி ஃப்ளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். மறக்காமல் பால் ஒவ்வாமையைச் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரிக் கோட்டுக்குக் கொடுக்கும் சில பசைகள் பாலின் கேசீனிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

கீழக்கரை_பெரியம்மா:

மகளே, என் பேரனுக்கும் இதே கதைதான். சீனி கெடுதல் என்று பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன், ராத்திரியும் கொடுத்தேன். நான்கு பல்லும் கறுத்துப் போனது. பல்லுக்குக் கருப்பட்டியும் ஒன்று, சீனியும் ஒன்று என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஊர்த் தொதல் இன்னும் மோசம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து பல்லில் அப்பிக்கொள்ளும். பெருநாளுக்குக் கொடுத்தால் தண்ணீர் குடிக்க வைத்துப் பல்லைத் தேய்த்துவிடு.

புட்டியை ஒரேயடியாகப் பிடுங்காதே. முதல் இரண்டு நாள் கால்பங்கு தண்ணீர், அப்புறம் அரைப்பங்கு. பத்து நாளில் வெறும் தண்ணீர்தான் இருந்தது, அவனே தள்ளிவிட்டான்.

தங்கச்சிமடம்_சோயா:

எங்கள் வீட்டில் சோயா பால்தான். ஒன்று சொல்கிறேன், டப்பாவை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். காலியான டப்பாவை ஒருநாள் வெட்டிப் பார்த்தேன், அடியில் வெள்ளையாக வண்டல்.

பாம்பன்_அம்மா:

டாக்டர், பெரியம்மா, எல்லோருக்கும் நன்றி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்கு 5 கிராம் சேர்த்த சர்க்கரை. அவள் புட்டி 200 மில்லி. நடுராத்திரியில் 10 கிராம் சீனியை என் கையாலேயே கொடுத்து மடியில் தூங்க வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடம். நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

நேற்று முதல் கால்பங்கு தண்ணீர் கலந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் புட்டியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள், அப்புறம் குடித்தாள். படகுக்குக் கிளம்பியவர் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை வரை நடந்தார், திரும்பி வரும்போது என் தோளில் தூங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை பல் மருத்துவரிடம் போகிறோம். ஒவ்வாமைச் சீட்டை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.