ராப்டர்ஸ் கிண்ணம் வென்ற 2018-19 பருவம்: நேரில் கண்டதும் கேட்டதும்

வணக்கம் உறவுகளே. ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி, வட அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் கிண்ணத்தை வென்ற பருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள்: பிலடெல்பியாவுக்கு எதிராகக் கவாய் லெனார்ட் கடைசி நொடியில் எறிந்த பந்து, வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்த காட்சி. அதை நானும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கிண்ணம் எங்கள் பக்கம் திரும்பியது அதற்கு ஒரு கிழமை கழித்து, மே 19 ஆம் திகதி இரவு, கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் மில்வாக்கிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில்தான் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். அதோடு நீங்கள் நேரில் கண்டவற்றையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2018 யூலையில் டெமார் டெரோசனைச் சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்துவிட்டுக் கவாயையும் டானி கிரீனையும் வாங்கியபோது இந்த நகரத்தில் இருந்த கசப்பை, பின்னாளில் இரசிகர்களானவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பேரெடுத்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ரொறன்ரோவை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒன்பது பருவங்கள் இங்கேயே விளையாடியவர் டெரோசன். வந்தவரோ, தொடைக் காயம் காரணமாக முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடியவர். ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்ததும் ஓராண்டுதான். முந்தைய பருவத்தில் 59 வெற்றிகளுடன் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி, லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாண்டிடம் நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாகத் தோற்று, மூன்றாவது ஆண்டாக அதே ஆளிடம் மண் கவ்வியிருந்தது. பயிற்றுநர் டுவேன் கேசியை நீக்கிவிட்டார்கள். நீக்கிய சில வாரங்களில் அவருக்கே ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது கிடைத்தது. அணி நிர்வாகத்தின் தலைவர் மசாய் உஜிரிக்கு இரக்கமே இல்லை என்று எங்கள் வேலைத்தளத்தில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. என் மச்சான் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் பார்க்கப்போவதில்லை என்று சத்தியம் செய்தார். ஒக்ரோபரில் முதல் ஆட்டத்தன்று தொலைக்காட்சிக்கு முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

பெப்ரவரி 22 ஆம் திகதி டெரோசன் எதிரணிச் சட்டையுடன் ரொறன்ரோவுக்கு வந்தார். மேல்தட்டில், கூரைக்குக் கிட்டத்தட்ட அடியில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அவர் பெயரை அறிவித்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பின்னால் இருந்த வயதான ஐயா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டம் முடிய நொடிகளே இருந்தபோது சான் அன்ரோனியோ ஒரு புள்ளியால் முன்னிலையில் இருந்தது. பந்து டெரோசனிடம். எங்கள் மூத்த ஆட்டக்காரர் கைல் லௌரியும் கவாயும் இரு பக்கமும் நெருக்க, கவாய் அவர் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடி வளையத்துக்குள் அடித்தார். 120-117 என்று ஆட்டம் எங்களுக்கு வந்தது. பழைய நாயகனிடமிருந்து புதியவர் பறித்த அந்தப் பந்துக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டுத்தான் எங்கள் வரிசையே ஆர்ப்பரித்தது.

கவாய் அந்தப் பருவத்தில் 60 ஆட்டங்களே ஆடினார். மற்றவற்றில் உடலைப் பேணுவதற்காகவும் சிறு காயங்களுக்காகவும் ஓய்வு கொடுத்தார்கள். அவர் ஆடாத 22 ஆட்டங்களில் 17 ஐ மற்றவர்களே வென்று கொடுத்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி மில்வாக்கி ஆட்டம். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே தொடர்; முதல் இரண்டையும் தோற்றிருந்தோம். மூன்றாவதும் போயிருந்தால் கதை முடிந்தது. நான்காவது காற்பகுதியின் கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி முன்னிலை. எங்கள் பாஸ்கல் சியாகமுக்கு இரண்டு ஃபிரீ த்ரோ (எவரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு). இரண்டையும் தவறவிட்டார். மறுபக்கம் மிடில்ரன் சமன் செய்தார். லௌரியோ அதற்கு முன்பே ஆறு தவறுகள் செய்து, விதிப்படி வெளியேறியிருந்தார். கவாய் ஒரு காலைச் சற்றே இழுத்தபடி நடந்ததைத் தொலைக்காட்சியிலேயே காண முடிந்தது. அந்த நிலையிலும் அவர் 52 நிமிடங்கள் களத்தில் நின்று, 36 புள்ளிகள் எடுத்து, மில்வாக்கியின் முதன்மை ஆட்டக்காரர் யானிஸ் அன்டெடொகும்போவைத் தானே காவல் செய்து, இரண்டாவது மேலதிக நேரத்தில் ஆட்டத்தை 118-112 என்று முடித்துவைத்தார். அதன் பிறகு மில்வாக்கி ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. பிலடெல்பியா ஆட்டத்தில் பந்து நான்காவது துள்ளலில் வெளியே விழுந்திருக்கலாம்; 2001 இல் எங்கள் வின்ஸ் கார்ட்டர் அதே எதிரணிக்கு எதிராக, அதே ஏழாவது ஆட்டத்தில் எறிந்த கடைசிப் பந்து அப்படித்தான் வெளியே போனது. மில்வாக்கி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இருக்கவில்லை.

*

அண்ணா, உங்கள் கட்சியில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் அந்தப் பருவம் முழுவதும் அரங்கத்தின் உள்நடையில் உணவு விற்கும் இடமொன்றில் பகுதிநேரமாக வேலை செய்தேன். ஆட்டம் நடக்கும் இடத்தை எங்களால் பார்க்க முடியாது. கூரையில் தொங்கும் சிறு திரையில் படம் சில நொடிகள் பிந்தி வரும். சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் முதலில் வந்துவிடும். எனவே பந்து உள்ளே போனதா இல்லையா என்பதைத் திரையில் காணும் முன்னரே நாங்கள் அறிந்துவிடுவோம்.

மே 12, பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம். பிலடெல்பியாவின் ஜிம்மி பட்லர் 90-90 என்று சமன் செய்தபோது 4.2 நொடிகள் மிச்சம். வாங்குவதற்கு எவரும் வரவில்லை. எண்ணெய்ச் சட்டியில் உருளைக்கிழங்கு பொரியும் ஓசைதான் எங்களுக்குக் கேட்டது. மணி ஒலித்தது. வழக்கமாக அடுத்த கணமே ஆரவாரமோ ஏமாற்றத்தின் முனகலோ வரும். அன்று இரண்டுமே வரவில்லை. என்ன நடந்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு எழுந்த சத்தத்தில் காசுப் பெட்டிக்கு மேல் வைத்திருந்த கோப்பைகள் அதிர்ந்து கீழே விழுந்தன. அந்த இடைவெளிக்குள்தான் பந்து நான்கு முறை துள்ளியிருக்கிறது என்பதைத் திரை எங்களுக்குப் பிறகு காட்டியது. ஏழாவது ஆட்டமொன்றைக் கடைசி மணியுடன் விழுந்த பந்து முடித்துவைத்தது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் தடவை.

நான் எழுத வந்தது வேறொரு சத்தத்தைப் பற்றி. யூன் 10, கோல்டன் ஸ்டேற்றுடன் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தோம். அன்றே கிண்ணம் வரும் என்று ஊரே நம்பியிருந்தது. ஒரு மாதமாகக் கெண்டைக்கால் காயத்தால் ஆடாதிருந்த அவர்களின் கெவின் டுரன்ட் அன்று களமிறங்கினார். இரண்டாவது காற்பகுதியில் திடீரென ஆரவாரம் கேட்டது. டுரன்ட் பந்தை இழந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். திரையில் படம் வந்தபோது அவர் குதிகாலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் லௌரியும் இபாக்காவும் கிரீனும் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்து, கத்த வேண்டாம் என்று அடக்கினார்கள். அரங்கத்தில் இருந்த எல்லோரும் கத்தவில்லை. விழுந்தது காயத்தால்தான் என்று தெரியாமல் கத்தியவர்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சத்தம் எங்கள் நகரத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் இருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, 'அக்கா, எங்களுக்கு வெட்கமாயிருக்கு' என்று சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்த ஆட்டத்தை 106-105 என்று ஒரே புள்ளியில் இழந்தோம். கவாய் தொடர்ந்து பத்துப் புள்ளிகள் எடுத்து ஆறு புள்ளி முன்னிலை தந்திருந்த வேளையில், மூன்று நிமிடங்கள் மிச்சமிருக்கப் பயிற்றுநர் நிக் நேர்ஸ் டைம் அவுட் கேட்டது சரியா பிழையா என்று உள்நடையில் தொடங்கிய சண்டை, ரயில் நிலையம் வரை நீண்டது. ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தியது பிழை என்பதே இன்றும் என் தீர்ப்பு.

*

சகோதரி, ஆட்டக்காரர்கள் களைத்திருந்தார்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் தேவைப்பட்டது என்று நேர்ஸ் சொன்ன விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஸ்காபரோவில் சிறுவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அவருடைய இன்னொரு முடிவைப் பற்றியே எழுத வேண்டும்.

இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் காற்பகுதியில், கோல்டன் ஸ்டேற்றின் கிளே தொம்சன் தொடைத் தசைப் பிடிப்பால் வெளியேறியதும், நேர்ஸ் பள்ளிக்கூட மைதானங்களில் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு காவல் முறையைக் கொண்டுவந்தார். நால்வர் சதுரமாக நின்று தத்தம் இடத்தைக் காப்பார்கள். ஐந்தாமவரான ஃபிரெட் வான்விலீட் எதையும் பொருட்படுத்தாமல் அவர்களின் ஸ்டெஃபன் கரியை மட்டும் நிழல்போல் தொடர்வார். என்.பி.ஏ. இறுதித் தொடரில் இதைச் செய்யத் துணிவு வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேலாகக் கோல்டன் ஸ்டேற் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு கதை. மறுநாள் பயிற்சிக்கு வந்த என் பிள்ளைகள், தாங்கள் முந்தைய மாதம் சலித்துக்கொண்டு பழகிய அதே முறையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, 'மாஸ்டர், நாங்களும் அதை ஆடுவோம்' என்று நின்றார்கள்.

வான்விலீட்டையும் சியாகமையும் நான் முதன்முதலில் பார்த்தது மிசிசாகாவில், ராப்டர்ஸ் 905 என்ற கீழ்நிலை அணியின் சட்டையில். நுழைவுச்சீட்டு மலிவு, பாதி இருக்கைகள் வெறுமையாக இருந்ததால் பிள்ளைகளைக் களத்துக்கு அருகிலேயே உட்காரவைக்க முடிந்தது. கமரூனிலிருந்து வந்த சியாகம், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2016 தேர்வில் 27 ஆவதாக எடுக்கப்பட்டவர். வான்விலீட்டை அந்த ஆண்டு எந்த அணியும் தேர்வு செய்யவேயில்லை. 905 அணி 2017 இல் அந்த லீக்கின் கிண்ணத்தை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சியாகம். இரண்டே ஆண்டுகளில், ஓக்லாண்டில் நடந்த ஆறாவது ஆட்டத்தில், சியாகம் 26, லௌரி 26, வான்விலீட் 22. கவாயும் 22. லௌரிதான் அன்று அணியின் முதல் பதினொரு புள்ளிகளையும் எடுத்தார். பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிளேஓஃப் (பருவ முடிவில் வரும் வெளியேற்றச் சுற்று) தோல்விக்கும் பழி சுமந்த மனிதர் அவர். தொம்சன் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மாறியிருக்கலாம். ஆனால் கண்முன்னே நடந்த ஆட்டத்தில் 114-110 என்று வென்றவர்கள் இவர்கள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்த முதல் அணி இதுதான்.

*

நான் வெற்றி ஊர்வலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யூன் 17, திங்கட்கிழமை. மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அழைத்துப் போனேன். அவளுடைய வகுப்பாசிரியரையே ரயிலில் கண்டோம், இருவரும் எதுவும் பேசாமல் சிரித்துக்கொண்டோம். நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் காலையிலேயே கால் வைக்க இடமில்லை. ஆட்டக்காரர்களை ஏற்றி வந்த பேருந்துகள் கூட்டத்துக்குள் சிக்கி மணிக்கணக்கில் தாமதித்தன. தண்ணீர்ப் போத்தல்கள் தலைக்கு மேலே கை மாறி மாறிப் பின்வரிசைக்குப் போயின; அறியாத தமிழ் அம்மா ஒருவர் தான் கட்டிக்கொண்டு வந்த மீன் ரோல்ஸைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் பங்கிட்டார்.

மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சதுக்கத்தின் ஓரத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. எங்களுக்கு வெடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மனிதர்கள் ஓடிவந்ததையே பார்த்தோம். மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டடத்தின் சுவரோடு ஒட்டி நின்றேன். மேடையில் இருந்த அறிவிப்பாளர் பதற்றமில்லாத குரலில், அமைதியாக இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இல்லாவிட்டால் நெரிசலில் இன்னும் பலர் அடிபட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நால்வர் காயமடைந்தார்கள். இதைச் சொல்லாமல் அன்றைய நாளை நினைவுகூர்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கவாய் பேசியபோது, ஊரே கேலி செய்த தன் விசித்திரச் சிரிப்பைத் தானே சிரித்துக் காட்டினார். கூட்டம் அவரைப் போக வேண்டாம் என்று கத்தியது. யூலை முதல் வாரத்தில் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் பக்கம் போனார். மகள் இரண்டு நாள் அவர் பெயரிட்ட சட்டையைத் தொடவில்லை. டிசெம்பர் 11 அன்று அவர் எதிரணியுடன் திரும்பி வந்து லௌரியின் கையால் வெற்றி மோதிரத்தை வாங்கியபோது அரங்கம் எழுந்து நின்றது. வீட்டில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அவளும் எழுந்து நின்றாள். அவர் இல்லாத அந்த அடுத்த பருவத்தில் ராப்டர்ஸ் 53 ஆட்டங்களை வென்று 19 ஐ மட்டுமே தோற்றது. இந்தத் திரியைத் தொடங்கிய அண்ணா அந்த 17 வெற்றிகளைப் பற்றி எழுதியிருந்தாரே, அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.