நந்தியாவட்டையில் எச்சம் மட்டும் கிடக்கிறது, புழுவைக் காணோம். எப்படித் தேடிப் படம் எடுப்பது?

குடமுருட்டிக்கரை:
திருவையாறு பக்கம் வீடு. வாசல் நந்தியாவட்டையின் நுனிக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. கீழே சிமெண்ட் தரையில் மிளகு மிளகாக எச்சம். பகலில் எவ்வளவு தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செடியில் முன்பு ஒரு பச்சைப் புழு பார்த்தேன், தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்கள். போனில் எடுத்த படம் கலங்கிப் போச்சு. அம்மா மருந்தடிக்கச் சொல்கிறார், அதற்குள் ஒரு நல்ல படம் வேண்டும்.

எள்ளுக்கொல்லை:
அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. நந்தியாவட்டையும் அதற்குப் பிடிக்கும். நீல வட்டங்கள் கண்ணே இல்லை தம்பி. சீண்டினால் தலையை உள்ளிழுத்து அந்த இடத்தை உப்பிக் காட்டும், அவ்வளவுதான். எச்சத்தை உற்றுப் பாருங்கள், நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக வரி இருக்கும். இன்று விழுந்தது ஈரமாக இருக்கும். தரையைக் கூட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக எங்கே விழுகிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள். வளர்ந்த புழு பகலில் உள்கிளையில் தலைகீழாக ஒட்டிக் கிடக்கும். இருட்டியபின் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் பல புழுக்கள் வெளிறி மினுங்கும். டார்ச்சை நேராகப் பார்க்காதீர்கள்.

வெண்ணாற்றுக்காரன்:
படத்துக்கு: போனில் மேக்ரோ (மிக அருகில் வைத்து எடுக்கும் வசதி) வேண்டாம். பல போன்களில் அது அகலக் கோண லென்ஸ்தான், ஒட்டிப் போனால் போன் நிழலே புழு மேல் விழும். மெயின் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். புழுவின் பக்கவாட்டுக்கு இணையாகப் போனைப் பிடித்தால் தலை முதல் வால் கொம்பு வரை தெளிவாக விழும். காற்றுக்கு முன், விடியற்காலையில் எடுங்கள். ஆடும் கிளையைக் குச்சியில் துணிக் கிளிப் போட்டு நிறுத்தலாம்.

மாந்தோப்பு:
அப்படியே மா இலையையும் பாருங்க. நடு நரம்பின் மேல் இறகு முள்ளோடு படுத்திருக்கும் புழு ஒன்று உண்டு, இலையோடு இலையாகக் கரைந்துவிடும். ஆனால் தென்னை ஓலையில் பச்சையாக முள் முள்ளாக இருந்தால் தொடாதீங்க, சுள்ளென்று கொட்டும்.

குடமுருட்டிக்கரை:
கூட்டிவிட்டுப் பார்த்ததில் மாட்டியது அண்ணா! ஆனால் இது பழுப்பு, கீழே தரையில் ஊர்கிறது. வேறு வகையா?

எள்ளுக்கொல்லை:
அதே புழுதான். கூட்டுப்புழு ஆகப் போகிறது. காய்ந்த சருகைக் கொஞ்சம் குவித்து வையுங்கள், உள்ளே போய்விடும். இனி அது இலை தின்னாது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.