புதுப்பிப்பு: லேக் லூர் பூப்பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்

2024 அக்டோபரில், ஹெலீன் புயல் வெள்ளத்தில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து லேக் லூர் ஊரின் பூப்பாலம் (பூந்தோட்டமாக்கிய பழைய பாலம்) போய்விட்டது என்று இங்கே எழுதியிருந்தேன். "ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?" என்று பலர் கேட்டீர்கள். அப்போது என்னிடம் பதில் இல்லை. 2025 ஜூலையில் நேரில் போனேன்.

பாலம் இல்லை. 1925-இல் கட்டிய மூன்று வளைவுப் பாலம் அது. 2011-இல் வாகனங்களை நிறுத்தியபின், ஊர்க்காரர்களே மண் கொட்டிச் செடி நட்டு, 2013-இல் தோட்டமாகத் திறந்தார்கள். சம்பளம் வாங்கி யாரும் செய்த வேலையில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி ஒரே நாளில் ராக்கி பிராட் ஆறு அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

இப்போது அங்கே ஆறு சாதுவாக ஓடுகிறது. கரையெங்கும் உருண்டுவந்த பாறைகள், வேரோடு சாய்ந்த மரங்கள். ஒரு கல்லிடுக்கில் ஒற்றைச் சூரியகாந்தி, முழங்கால் உயரம், இலைகளில் சேற்றுத் துளிகள். தோட்டத்து விதைதானா, தெரியாது. நெடுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இறந்துபோன செல்லப்பிராணிகளின் கழுத்துப்பட்டைகளை மக்கள் அந்தத் தோட்டத்தில் கட்டிவைப்பார்கள். எங்கள் மணியின் சிவப்புப் பட்டையையும் அங்கேதான் கட்டியிருந்தோம். அதைத் தேடி இனி எங்கே போவது என்று மகள் கேட்டாள். ஆற்றைக் காட்டினேன்.

பக்கத்திலுள்ள சிம்னி ராக் பூங்கா 2025 ஜூன் இறுதியில் மீண்டும் திறந்துவிட்டது. போகிறவர்கள் ஊர்க் கடைகளில் ஏதாவது வாங்குங்கள்.