கொய்யாமரத்து வீடு (குடும்பக் குழு)

செல்வி சித்தி, மாலை 6:42
[பலமுறை பகிரப்பட்டது] இல்லத்தரசிகளே! கடைக்குப் போங்கள், சாப்பிடுங்கள், துணி வாங்குங்கள், அதற்குச் சம்பளம்! மிஸ்டரி ஷாப்பர் வேலை. மாதம் 40,000 வரை. பதிவுக் கட்டணம் இன்று மட்டும் 1,499. இன்னும் 6 இடங்களே!!

செல்வி சித்தி
இது உண்மையா கார்த்தி? நீதானே இதெல்லாம் பார்ப்பாய்.

கார்த்தி
போன தீபாவளிக்கும் இதே படம் வந்தது சித்தி. அந்த 6 இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

முத்து மாமா
கடைக்குப் போகிறவனுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? உன் அத்தை கடைக்குப் போனால் என் பென்ஷன்தான் போகிறது.

வசந்தி
கொடுப்பார்கள் மாமா. சாதாரண வாடிக்கையாளர் போலப் போய், எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து ரிப்போர்ட் எழுதவேண்டும். நான் மூன்று வருஷமாக வாங்குகிறேன்.

முத்து மாமா
??

கார்த்தி
அக்கா, அதற்குத்தானா அந்த பீட்சா! ரசம் சாதமே போதும் என்கிற ஆள், ஒரு செவ்வாய்க்கிழமை பீட்சா வரவழைத்து, யாரையும் தொடவிடாமல் அதில் தெர்மாமீட்டரைக் குத்திக்கொண்டு நின்றாய். உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அத்தானுக்கு போன் செய்தேன்.

வசந்தி
ஆர்டர் கொடுத்த நேரம், கதவைத் தட்டிய நேரம், பெட்டியைத் திறந்ததும் எத்தனை டிகிரி சூடு, மூடியில் சீஸ் ஒட்டியிருக்கிறதா என்று நாலு படம். அதற்குள் நீ ஒரு துண்டை எடுத்துவிட்டாய். பாதி வட்டத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், ஏன் என்று கேட்டு மெயில் வந்தது.

செல்வி சித்தி
அப்படியானால் இது நிஜ வேலைதானே வசந்தி? எவ்வளவு தருகிறார்கள்?

வசந்தி
வேலை நிஜம் சித்தி. 40,000 பொய். போன மாதம் ஐந்து விசிட். நகைக்கடை 400, மொபைல் கடை இரண்டு 600, பீட்சா 250, கார் ஷோரூம் 500. ஆக 1,750. பஸ், ஆட்டோ 420 போனால் மிச்சம் 1,330. அதுவும் கைக்கு வர 45 நாள் ஆகும். பீட்சா காசை பில்லைப் பார்த்துத் தனியாகத் தந்துவிடுவார்கள், ஒரு வரம்பு வரைக்கும்.

முத்து மாமா
கார் ஷோரூமா? உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே.

வசந்தி
தெரியவேண்டியதில்லை மாமா. "வீட்டுக்காரருக்குப் பார்க்கிறோம்" என்றேன். எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தார், தண்ணீர் கொடுத்தாரா, டெஸ்ட் டிரைவ் வேண்டுமா என்று அவராகவே கேட்டாரா, மறுநாள் போன் செய்தாரா. இதுதான் அவர்களுக்கு வேண்டும். கார் நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கார்த்தி
எந்தக் கடை?

வசந்தி
சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்திருக்கிறேன். சாலை ரோடு பக்கம் என்றுகூடச் சொல்லமாட்டேன்.

கார்த்தி
சொல்லிவிட்டாய்.

வசந்தி
சரி, விடு.

செல்வி சித்தி
கடைக்காரர்கள் தாங்களே போய்ப் பார்க்கக்கூடாதா? அதற்கு எதற்கு வெளி ஆள்?

வசந்தி
முதலாளி வந்தால் எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்களே சித்தி. நம்மைப் போல யாரோ ஒருத்தி துணிப்பையோடு போனால்தான் நிஜம் தெரியும். பெரிய கம்பெனிகள் இதை ஏஜென்சியிடம் விடுகின்றன, ஏஜென்சி நம்மை அனுப்புகிறது. அமெரிக்காவில் 1940களிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டதாம்.

முத்து மாமா
அமெரிக்கா என்ன அமெரிக்கா. நம் ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போகவில்லையா? பொற்கைப் பாண்டியன் செய்ததும் இதுதான். போன இடத்தில் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் கையை வெட்டிக்கொண்டான். நீ பார்த்துக்கொள் வசந்தி.

வசந்தி
விளையாட்டாகச் சொன்னாலும், எனக்கும் ஒரு கதவு இருக்கிறது மாமா.

வசந்தி
ஒரு துணிக்கடை. உள்ளே நுழைந்து 30 நொடிக்குள் வணக்கம் சொல்லவேண்டும் என்பது அவர்கள் விதி. போனை ஸ்டாப்வாட்ச் ஓட விட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மாலை ஏழு மணி, ஆடி தள்ளுபடி. ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றான். காலையிலிருந்து நிற்கிறான் போல. என்னைப் பார்த்தான், வணக்கம் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குச் சேலை என்றதும், "வயசானவங்கன்னா இது கனக்கும்மா, அதைப் பாருங்க" என்று 1,800 ரூபாய்ச் சேலையை ஒதுக்கிவிட்டு 900 ரூபாய்ச் சேலையை எடுத்துப் போட்டான்.

வசந்தி
ரிப்போர்ட்டில் முதல் கேள்வி: வணக்கம் சொன்னாரா? இல்லை. கூடுதல் விலையுள்ள பொருளைக் காட்டினாரா? இல்லை. அவன் பெயரையும் எழுதவேண்டும். சட்டையில் குத்தியிருந்தது, மறக்காமல் இருக்க பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் "கூடுதல் குறிப்பு" என்ற கட்டத்தில் அந்தச் சேலை விஷயத்தைப் பத்து வரி எழுதினேன். யார் படித்தார்களோ. அடுத்த முறை அதே கடைக்கு விசிட் வந்தபோது நான் எடுக்கவில்லை.

கார்த்தி
அம்மாவுக்கு அந்த நீலச் சேலையா?

வசந்தி
ஆமாம்.

பிரியா, இரவு 8:10
இப்போதுதான் எழுந்து எல்லாவற்றையும் படித்தேன். வசந்தி அக்கா, நீ பெரிய ஆள்தான் போ! அம்மா, அந்த 1,499 பக்கம் போய்விடாதே. இங்கே டாலஸில் என் அறைத்தோழிக்கு இதே மிஸ்டரி ஷாப்பர் என்று தபாலிலேயே செக் வந்தது. 1,950 டாலர். 300-ஐ நீ வைத்துக்கொள், மீதிக்கு ஒரு கடையில் கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னால் சுரண்டினால் வரும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு, கடைக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்று எழுது. இதுதான் வேலை.

முத்து மாமா
செக் பாஸ் ஆகியிருக்காதே.

பிரியா
அதுதான் மாமா சூது. போட்ட மறுநாளே கணக்கில் பணம் வந்ததுபோல் காட்டிவிட்டது. இங்கே விதிப்படி பேங்க் சீக்கிரம் எடுக்க விட்டாகவேண்டும். செக் போலி என்று திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் கிஃப்ட் கார்டு எண் போய்விட்டது, அந்த எண் கிடைத்தாலே பணம் கிடைத்த மாதிரிதான். பேங்க் முழுப் பணத்தையும் இவளிடமிருந்து எடுத்துக்கொண்டது. போலீஸுக்கும் போகப் பயந்தாள். மாணவர் விசாவில் அனுமதி இல்லாமல் வெளியே வேலை செய்யக்கூடாதே, அதைக் கேட்டுவிடுவார்களோ என்று.

முத்து மாமா
35 வருஷம் பேங்கில் இருந்தவன் சொல்கிறேன். கணக்கில் தெரிகிற பணம் வேறு, கைக்கு வந்த பணம் வேறு.

வசந்தி
இங்கே செக் இல்லை, எல்லாம் யுபிஐ. நிஜ ஏஜென்சி பதிவுக்குக் காசு கேட்காது. பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்கும், பணம் போட அது வேண்டுமே. விசிட்டுக்கு முன்னால் பத்துப் பக்கம் படிக்கக் கொடுத்து ஒரு சின்னத் தேர்வும் வைக்கும். இந்தத் தொழில்காரர்களுக்கு எம்எஸ்பிஏ என்று ஒரு சங்கம் இருக்கிறது, அதன் தளத்தில் உறுப்பினர் பட்டியல் பார்க்கலாம். நான் அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். அப்படியும் ஒருமுறை பில்லில் இருந்த நேரத்துக்கும் நான் எழுதிய நேரத்துக்கும் ஏழு நிமிடம் இடித்தது என்று மொத்த ரிப்போர்ட்டையும் தள்ளிவிட்டார்கள். செருப்பு வாங்கிய 499 போனது போனதுதான்.

கார்த்தி
அந்தச் செருப்பைத்தான் எனக்குப் பிறந்தநாள் பரிசு என்று கொடுத்தாயா?

வசந்தி
அளவு சரியாகத்தானே இருந்தது.

செல்வி சித்தி
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா
அம்மா? என்ன எழுதி அழித்தாய்?

செல்வி சித்தி
ஒன்றுமில்லை பாப்பா.

பிரியா
அம்மா.

செல்வி சித்தி
மூணு மணிக்கே 1,499 அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் உங்களிடம் உண்மையா என்று கேட்டேன். இப்போது "கிட்" அனுப்ப 5,000 டெபாசிட் கட்டு, முதல் சம்பளத்தோடு திரும்பி வரும் என்கிறான். உங்கள் சித்தப்பாவிடம் கேட்காமல் என் கையில் நாலு காசு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். யாரும் திட்டாதீர்கள்.

முத்து மாமா
யாரும் திட்டவில்லை செல்வி. 5,000 கட்டவில்லையே?

செல்வி சித்தி
இல்லை அண்ணா. வசந்தி எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டது.

கார்த்தி
சித்தி, உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் மோசடிக்கான எண். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. யுபிஐ செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் 12 இலக்க யுடிஆர் எண் வரும், அதைக் கேட்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முத்து மாமா
உன் பேங்குக்கும் சொல்லிவிடு. அவன் அனுப்பிய செய்தி எதையும் அழித்துவிடாதே, அதெல்லாம் சாட்சி. காலையில் நான் வீட்டுக்கு வருகிறேன்.

வசந்தி
ஓடிபி ஏதாவது சொன்னீர்களா சித்தி? ஏதாவது செயலி இறக்கச் சொன்னானா?

செல்வி சித்தி
இல்லை. பான் கார்டு படம் மட்டும் கேட்டான். கண்ணாடி கிடைக்கவில்லை, அதனால் அனுப்பவில்லை.

பிரியா
அந்தக் கண்ணாடி எங்கே இருந்தாலும் அதற்கு ஒரு முத்தம்.

செல்வி சித்தி, இரவு 9:05
போன் போட்டேன். இரண்டாவது தடவை கிடைத்தது, நாலு நிமிடம் காத்திருந்தேன். பெண் ஒருத்தி எடுத்தாள், வணக்கம் சொன்னாள். என் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். அவசரப்படுத்தவில்லை. புகார் எண் மெசேஜில் வந்திருக்கிறது.

கார்த்தி
சித்தி, இது ரிப்போர்ட் மாதிரியே இருக்கிறது.

வசந்தி
நேரத்தைச் சரியாகக் குறித்தீர்களா? ஏழு நிமிடம் இடித்தால் தள்ளிவிடுவார்கள்.

செல்வி சித்தி
8:41-இலிருந்து 8:56 வரை. காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.